மடியில் தீப்பெட்டி

ஆண்டிச்சாமியின் வேட்டி மடியில் தீப்பெட்டி இருந்தது. டூரிங் டாக்கீஸ் பெஞ்சில் அவன் உட்கார்ந்தபோது உள்ளே குச்சிகள் குலுங்கியதை மாரித்தாய் தன் காதாலேயே கேட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பட்டாசு ஆபீசில் வெடிமருந்து கலக்குகிற மனுஷன். பீடி, சுருட்டு எதுவும் கிடையாது. அடுப்படியை விட்டுத் தீப்பெட்டி நகர்ந்தாலே வீட்டை இரண்டாக்கிவிடுவான். அப்படிப்பட்டவன் கீற்றுக் கொட்டகைக்குள் அதை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"ஏங்க, மடியில என்னது?"

"ஒண்ணுமில்ல. பேசாம இரு."

மகள் பேச்சி போன வருஷம் ஒரு நாடகக் கம்பெனியோடு மெட்ராசுக்கு ரயிலேறிவிட்டாள். சினிமாவில் கூட்டத்தோடு ஆடுகிறாள் என்று தகவல் வந்த அன்று, ஆண்டிச்சாமி கண்மாயில் இறங்கி, செத்தவளுக்கு முழுகுவது போல அவளைத் தலை முழுகிவிட்டு வந்தான். "இனி அவ பேரு இங்கன கேட்டுச்சு, கூரையக் கொளுத்திருவேன்" என்றான். சொன்னால் செய்கிற ஆள்தான்.

பக்கத்து வீட்டுக் குருவம்மாள்தான் இந்த வாரம் வந்து காதைக் கடித்தாள். "படத்துக்கு முந்தி நியூஸ் ரீல் போடுறாக. சினிமாக்காரகளுக்குப் பரிசு குடுக்கிற விழா. அதுல உன் மக தட்டு ஏந்திக்கிட்டு நிக்கிறா."

அன்றிலிருந்து மாரித்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். புருஷனுக்குத் தெரியாமல் எப்படிப் பார்ப்பது? இன்று சாயங்காலம் விளக்கேற்றப் போனால் சூட டப்பா காலியாகக் கிடந்தது. மகள் நினைப்பில் அதைக்கூட வாங்க மறந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டு நின்றபோதுதான் அவன் வந்து, "கிளம்பு, சினிமாவுக்குப் போவோம்" என்றான். ஒரு வருஷமாகச் சினிமா என்ற வார்த்தையையே வாயில் எடுக்காதவன்.

"படம் ஆரம்பிக்க நேரமாகும் போல. வாங்களேன், ஒரு சோடா குடிச்சிட்டு வருவோம்" என்று எழுந்தாள்.

"நியூஸ் ரீல் போடப் போறான். நகராத."

போச்சு. ஆபீசில் எவனோ ஊதிவிட்டான். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறான்.

விளக்கு அணைந்தது. முதலில் எங்கோ வெள்ளச் சேதம் காட்டினார்கள். அடுத்து பரிசளிப்பு விழா. வெள்ளத்துக்கு அழுத அதே குரல், அதே அழுகையோடு விழாவையும் வர்ணித்தது. ராத்திரி வேளையில் மண்டபத்துக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு நடிகர் வந்தார். அவர் கழுத்தில் விழுந்த மாலையின் கனத்தில் ஆளையே காணவில்லை. மந்திரி ஒருவர் தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஒரு நடிகை வாயை மூடிக் கொட்டாவி விட்டாள். கொட்டகை சிரித்தது. மாரித்தாய் புருஷனின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையோரத்தில் வெள்ளித் தட்டோடு பேச்சி வந்தாள்.

சரிகைச் சேலை, தலை நிறையப் பூ. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னத்தைத் தின்கிறாளோ என்று பெற்ற வயிறு பதறியது.

"ஏலே, நம்ம ஆண்டிச்சாமி மகதாம்லே" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. கொட்டகை மொத்தமும் எழுந்து எக்கி எக்கிப் பார்த்தது.

ஆண்டிச்சாமியும் எழுந்தான். மூடிய வலது கை திரையை நோக்கி உயர்ந்தது.

மாரித்தாய் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினாள். கல்லை விட்டெறியப் போகிறான் என்றுதான் நினைத்தாள். ஆனால் எதுவும் விழுகிற சத்தம் கேட்கவில்லை.

"கைய ஆட்டாம உக்காரும்யா, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது.

வேட்டி அவள் பிடியிலிருந்து நழுவியது. கண்ணைத் திறந்தபோது திரையில் பேச்சி இல்லை. பக்கத்தில் புருஷனும் இல்லை. கையை மூடியபடியே வெளியே போய்க்கொண்டிருந்தான்.

காலையும் கையையும் மிதித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு ஓடினாள். கொட்டகைக்குப் பின்னால் பொட்டலில் இருட்டுக்குள் அவன் குந்தியிருந்தான். மடியிலிருந்த தீப்பெட்டி இப்போது முழங்கால்களுக்கு இடையில் இருந்தது. இடது கையால் குச்சியை உரசினான். பற்றிக்கொண்டது.

பாய்ந்து போய் அவன் கையைப் பிடித்தாள். குச்சி மண்ணில் விழுந்து அணைந்தது.

"வேணாங்க. உள்ள அம்புட்டுச் சனமும் இருக்கு. குஞ்சும் குளுவானுமா இருக்காக. அவ மேல உள்ள கோவத்துக்கு என்னையக் கொளுத்துங்க" என்று அழுதாள்.

ஆண்டிச்சாமி அவளை விளங்காமல் பார்த்தான். அவன் கன்னம் நனைந்திருந்ததை அந்த இருட்டிலும் அவள் கண்டாள்.

மூடியிருந்த வலது கையை மெல்ல விரித்தான். உள்ளங்கை வேர்வையில் ஒட்டிக்கொண்டு ஒரு சூடக்கட்டி இருந்தது.

"சுத்திட்டேன் புள்ள, கொளுத்திப் போட விடு, ஊர்க்கண்ணு பூராவும் நம்ம பிள்ள மேலதான இருந்துச்சு."