இன்ஜின் மேல் மீன்

“ஐயோ, என் மீன்!”

சிஸ்டர் போட்ட பிரேக்கில் கார் ஒரு குதி குதித்து நின்றது. குறுக்கே வந்தது லாரி இல்லை, மாடு இல்லை. காற்றில் உருண்டு வந்த ஒரு காலி பிளாஸ்டிக் பை.

டேஷ்போர்டில் நெற்றியை இடித்துக்கொண்ட டிரைவிங் மாஸ்டர், நெற்றியைத் தடவக்கூட இல்லை. இறங்கி ஓடி, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். இன்ஜின் மேல், கம்பி போட்டுக் கட்டிய அலுமினியத் தாள் பொட்டலம்.

“தப்பிச்சுது! மசாலா மட்டும் கொஞ்சம் வழிஞ்சிருக்கு. ஏன் சிஸ்டர், பாதி வெந்த மீனை யாராவது இப்படி உலுக்குவாங்களா?”

“எனக்கு அடிபட்டுச்சான்னு கேக்கத் தோணலையா மாஸ்டர்?”

“நீங்க நர்ஸு. உங்களை நீங்களே பார்த்துப்பீங்க. மீனுக்கு யார் இருக்கா?”

தினமும் இதே கூத்து. கிளம்பும்போது பச்சையாக உள்ளே போகும் மீன், ஊரைச் சுற்றி வகுப்பு முடியும்போது வெந்து வெளியே வரும். பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் மாஸ்டர் மூக்கில் கைக்குட்டை ஏறிவிடும். கேட்டால், “தூசி சிஸ்டர், அலர்ஜி.”

டிரைவிங் ஸ்கூல் வாசலில் மூன்று பூனைகள் வேறு. ஒவ்வொன்றும் தலையணை சைஸ்.

சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஆஸ்பத்திரியில் காலியாக இருந்தது. நைட் டியூட்டியே கிடையாது. ஆனால் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். சிஸ்டரோ போன டெஸ்ட், அதற்கு முந்தின டெஸ்ட், அதற்கும் முந்தின டெஸ்ட், எல்லாவற்றிலும் பிரேக்கிலேயே கோட்டை விட்டவர். இந்த முறையும் போச்சென்றால் அந்த வேலை பக்கத்து வார்டுக்காரிக்கு.

வீட்டுக்காரரின் கிண்டல் தனி. “ஏம்மா, நீ மிதிக்கிறது பிரேக்கையா, கரப்பான்பூச்சியையா?”

“பரீட்சை வைக்கிறவர் பக்கத்துல உட்கார்ந்தாலே கால் தானா உதைச்சிடுதுங்க. அதுக்கு ஏதாவது வழி சொல்லுவாருன்னு பார்த்தா, அந்த ஆளு என் பெட்ரோல்ல மீன் வேகவைக்கிறாரு!”

மறுநாள் மாஸ்டரிடமே சொல்லிவிட்டார். “உங்க ஓனர்கிட்ட புகார் கொடுக்கப் போறேன்.”

“தாராளமா கொடுங்க. ஓனரம்மாதான் என் பொண்டாட்டி. ஆபீஸ்ல ஒரு திட்டு, வீட்ல ஒரு திட்டு, ஒரே செலவுல முடிஞ்சிடும்.” சட்டென்று மாஸ்டரின் குரல் இறங்கியது. “ஆனா சிஸ்டர், மீன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. புண்ணியமாப் போகும்.”

டாக்டர் மீன் தின்னக் கூடாதென்று சொல்லியிருப்பார் போல. திருட்டுத் தீனி! டெஸ்ட் முடியட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டார் சிஸ்டர்.

டெஸ்ட் நாளும் வந்தது. மாஸ்டரும் வந்தார், பொட்டலத்தோடு.

“இன்னிக்குமா!”

“இன்னிக்குத்தானே ஸ்பெஷல். தளும்பத் தளும்பச் சாறு விட்டு வெச்சிருக்கேன். அவசரத்துல மேல்பக்கம் சரியா மடிக்கலை. ஒரு சொட்டு இன்ஜின்ல விழுந்துச்சுன்னா, புஸ்ஸுனு புகை கிளம்பிடும். அதிகாரி மூக்கைப் பார்த்தீங்கல்ல? மூஞ்சியில பாதி அதுதான்.”

“முதல்ல எடுங்க அதை!”

“அதோ, வந்துட்டார்.”

டப்பென்று பானெட் மூடியது.

அதிகாரி ஏறி உட்கார்ந்தார். மனிதருக்கு மொத்தமே மூன்று வார்த்தைதான் தெரியும்.

“ம். லெஃப்ட்டு. ம். ரைட்டு. ம்.”

சிஸ்டர் கண்ணுக்கு அதிகாரியே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தளும்புகிற சாறு. திருப்பத்தில் சாயக் கூடாது. மேட்டில் குலுங்கக் கூடாது. ஐயோ, ஒரு சைக்கிள் குறுக்கே பாய்கிறதே!

கால் உதைக்கவில்லை. தூங்குகிற பிள்ளையைப் படுக்கையில் விடுகிற மாதிரி மெல்ல மெல்ல அமுக்கியது.

“ம்?” என்றார் அதிகாரி.

“நின்னுட்டோம் சார்.”

“ம்! பாஸ்.” நான்காவதாக ஒரு வார்த்தையும் அவருக்குத் தெரிந்திருந்தது. இறங்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என்னமோ, பசிக்குது” என்றார்.

சிஸ்டர் நேராக ஓனரம்மாவின் அறைக்குப் போனார்.

“நான் பாஸ். இனி எனக்கென்ன பயம்? சொல்றதைக் கேளுங்க. உங்க வீட்டுக்காரர் என் கிளாஸ் பூரா இன்ஜின்ல மீன் வேகவெச்சுத் தின்னாரு!”

“மீனா? இவரா?” ஓனரம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. “ஏங்க, எனக்கு மீன்னா கொள்ளை ஆசை. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து ஒரு துண்டு மீனை வீட்டுக்குள்ள விட்டதில்லை இந்த மனுஷன். வாசனை பட்டாலே குமட்டுமாம்! எங்கம்மா வீட்டுக்குப் போய்த்தான் திங்கறேன்.”

சிஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

வாசலில் மாஸ்டர், மூக்கில் கைக்குட்டை, முகம் வானத்தைப் பார்த்தபடி, இரண்டே விரலால் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். காலடியில் மூன்று தலையணைகளும் வரிசையாக.

“என்ன சிஸ்டர், நிஜமாவே மீனா?” ஓனரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார்.

சிஸ்டர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார். “இல்லீங்க... உருளைக்கிழங்கு. நான்தான் வாசனையைத் தப்பா...”

வெளியே, அடுத்த வகுப்புக்கு வந்த பேங்க் கேஷியர் சாவியை வாங்கும்போதே தவறவிட்டுக் குனிந்து எடுத்தார். மாஸ்டர் கைக்குட்டையை அவிழ்த்து ஜேப்பில் திணித்துக்கொண்டு, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“வாங்க சார், இன்னிக்கு இறால்! எனக்கு உசுரு. பிரேக்கைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க.”