மிச்சக் கால்வாசி

“எந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கக் கூடாது, அதை முதல்ல சொல்லுங்க மேடம்” என்றார் கடைக்காரர். “பக்கத்து வீட்டு டிவியா, ரோட்டுல போற வண்டியா, இல்ல வீட்டுக்காரரா?”

அவள் சிரிக்கவில்லை. “மெஷின் சத்தம். ஒரே மாதிரி உர்ருன்னு ஓடிக்கிட்டே இருக்கும்.”

“அதை நிறுத்திட முடியாதா?”

“முடியாது.”

கடைக்காரர் கேலியை ஓரங்கட்டிவிட்டு மேல்தட்டிலிருந்து ஒரு ஹெட்போனை இறக்கினார். காதில் மாட்டியதும் கடையே காணாமல் போனது. விலையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டது.

“இதுல பாதி விலைகூட என்னால முடியாதுங்க.”

“பாதிக்கும் கீழன்னா...” அவர் குனிந்து கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் துழாவினார். “இது ஒண்ணு இருக்கு. யாருக்கும் பேர் தெரியாத கம்பெனி. பொய் சொல்ல மாட்டேன், முக்கால்வாசிச் சத்தத்தைத்தான் அமுக்கும். மிச்சக் கால்வாசி கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும்.”

அதை அவளை மாட்டிக்கொள்ளச் சொல்லி, மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்து அவள் காதருகே திருப்பினார். விசிறி அடுத்த தெருவில் ஓடுவது போலக் கேட்டது. அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

“வீட்டுல யாராவது கூப்பிட்டா கேட்குமா?”

“கேட்கும். பேச்சை இது அவ்வளவா தடுக்காது. விசிறி, ஏசி மாதிரி ஒரே சீரா ஓடுறதைத்தான் அமுக்கும். என்ன வேலைக்கு மேடம்?”

“கோர்ட்டுல பேசினதை ரெக்கார்டிங்ல கேட்டு டைப் அடிக்கிற வேலை. வீட்டுல இருந்துதான். போன வாரம் ஒரு சாட்சி சொன்னதுல ஒரு வரியையே விட்டுட்டேன். இன்னைக்குக் குடுக்கிற ஃபைல்லயும் தப்பு இருந்தா வேற ஆளைப் பார்த்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க.”

கடைக்காரர் அவள் கேட்காமலேயே விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான்.

வீட்டுக்குள் நுழையும்போதே அந்த உறுமல் வரவேற்றது. நுரையீரல் கைவிட்டுவிட்ட அப்பாவுக்கு மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் கொடுக்கும், கட்டிலோரத்து வாடகைப் பெட்டி அது. குளியலறைக்குப் போகும்போதுகூட நிறுத்தக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வீடு என்று இருப்பதோ ஒரே அறை. அப்பாவின் கட்டிலுக்கும் சுவரோரம் இருந்த அவள் மேசைக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான்.

“எவ்வளவும்மா ஆச்சு?” மூச்சுக்கு நடுவே கேட்டார் அப்பா.

“மலிவுதான்ப்பா.”

“சும்மாவே ஒரு வழி இருக்கு, நீதான் கேட்க மாட்டேங்கிறே. பெட்டியைக் கொஞ்ச நேரம் அணைச்சு வை. நீ முடிக்கிற வரைக்கும் நான் தாக்குப்பிடிச்சுக்குவேன்.”

“இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்ப்பா.”

“சரி, நான் வாயை மூடிக்கிட்டேன். இந்தக் குறட்டைக்காரன் மூடுவானான்னு பாரு.” பெட்டிக்கு அவர் வைத்த பெயர் அது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போனால் பெட்டியின் வாடகைக்கு வழியில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஹெட்போனை மாட்டி, பொத்தானை அழுத்தினாள். உறுமல் சட்டென்று அடங்கியது. முழுதாக இல்லை. கடைக்காரர் சொன்ன அந்தக் கால்வாசி, காதுக்குள் புகுந்த வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டே இருந்தது.

‘எப்படி?’ என்று கையை ஆட்டிக் கேட்டார் அப்பா.

அவரிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, ‘இன்னும் துளியூண்டு’ என்று காட்டினாள். அப்பா தலையாட்டினார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

நாலைந்து வரி அடித்திருப்பாள். அந்தத் துளியும் நின்றுபோனது.

அவளுக்கு நம்பவே முடியவில்லை. காது பழகிவிட்டதா, இல்லை இந்தச் சாதனம் சூடு பிடித்த பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யுமா? எதுவோ, மேல்தட்டில் இருந்ததற்கு இது ஒன்றும் இளைத்ததில்லை. பாவம் கடைக்காரர், தன் சரக்கின் அருமை தெரியாமலே வியாபாரம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு விரல்கள் பறந்தன. சாட்சி எச்சில் விழுங்குவதும், வக்கீல் காகிதம் புரட்டுவதும்கூடத் தெளிவாகக் கேட்டன. எந்த இடத்திலும் பின்னால் போய் மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அடித்து முடித்து, சரிபார்த்து, அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஒரு தப்புகூட இல்லையாம். நாளையிலிருந்து கூடுதலாக வேலை தருகிறார்களாம்.

“அப்பா, வேலை தப்பிச்சிருச்சுப்பா” என்று சொல்லிக்கொண்டே ஹெட்போனைக் கழற்றினாள்.

கழற்றிய பிறகும் அறையில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அணைந்து கிடந்த பெட்டியின் சுவிட்சிலேயே இருந்தது, அவள் முடித்ததும் திரும்பப் போடுவதற்காக அப்பா வைத்திருந்த விரல்.