ஒரு ஆள் போதும்

படுத்த ஆளைத் தூக்கும் மிஷின் வாசல் நிலையில் இடித்துக்கொண்டே உள்ளே வந்தது. பெரியவன்தான் வரவழைத்திருந்தான்.

கட்டிலில் கிடந்த அப்பா அதைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன மனுஷன். படுக்கைப் புண் வராமலிருக்க அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். இழுத்தால் தோல் உரியும். அடியில் கிடக்கும் விரிப்பை ஆளுக்கொரு பக்கம் சுருட்டிப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். அதற்கு ரெண்டு ஆள் வேண்டும்.

அதற்காகத்தான் பக்கத்துத் தெருவிலிருந்து சின்னவன் வந்து போனான். மற்றபடி அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று வருஷங்களாகிறது. அம்மா சாவுக்குத் தாமதமாக வந்த தம்பியிடம், ஊரே பார்க்கப் பெரியவன் வாயை விட்டுவிட்டான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணித் தூக்குவார்கள். அவர்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். நாலு என்று ஒன்று இருப்பதே இருவருக்கும் மறந்திருக்கும்.

வேண்டாவெறுப்பாக வருகிறவனை எத்தனை நாள்தான் பிடித்து வைப்பது என்றுதான் பெரியவன் மிஷினுக்குச் சொன்னான். இனி தம்பி வரமாட்டான் என்று நினைத்தபோது காலையில் சாப்பாடு இறங்கவில்லை.

மிஷின்காரர் தொட்டில் போன்ற துணியை நீட்டினார். அண்ணனும், வழக்கம்போல அன்றைக்கும் வந்திருந்த தம்பியும் மூணு எண்ணி அப்பாவை அதில் கிடத்தினார்கள். மிஷின்காரர் துணியின் மூலைகளைக் கொக்கியில் மாட்டினார்.

"இனிமே ஒரு ஆள் போதும் சார். ஐயா, ரெண்டு கையையும் நெஞ்சு மேல கட்டிக்குங்க."

அப்பா கட்டிக்கொண்டார். ரெண்டு கையையும்.

பெரியவன் அந்தக் கையையே பார்த்தான். வலது கை வராத கை. அது வந்துவிட்டால் கட்டில் கம்பியைப் பிடித்து அவரே திரும்புவார், துணைக்கு ஒருவர் நின்றால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்போது வந்தது? பிள்ளைகள் சேர்ந்து நிற்க வேண்டுமென்று எத்தனை நாளாக மரக்கட்டை மாதிரிக் கிடந்தார், பாவி மனுஷன்?

அவன் வாய் திறப்பதற்குள் சின்னவன் குனிந்தான். அந்தக் கையை மெல்ல எடுத்து, எப்போதும் கிடக்கிற இடத்தில், தொடையோரமாக வைத்தான்.

"அந்தக் கை வராதுங்க. நான்தான் தூக்கி வச்சேன்," என்றான் மிஷின்காரரிடம்.

அப்படியென்றால் இவனுக்கு முன்பே தெரியும். தெரிந்துமா தினமும் வந்தான்?

மோட்டார் ஓடியது. அப்பா மேலே எழுந்தார். வலது கை துணிக்கு வெளியே சரிந்து தொங்கியது. கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவர் அதைத் தூக்கவில்லை.

"இறக்கிடுங்க," என்றான் பெரியவன். "மிஷின் வேண்டாம். நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."

சொன்ன பிறகும் தம்பியின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.