லிஃப்ட்காரரின் நோட்டு

"பார்த்துக்கறவங்க ஒரு நாலு நாள் வெளியூர் போகணும்னா, நோயாளியை எங்க விடறது?"

லிஃப்ட்காரர் இப்படிக் கேட்டதும் டீச்சருக்குச் சுருக்கென்றது. போன புதன்கிழமையும் இதையேதான் கேட்டார். பதிலை நோட்டில் எழுதியும் கொண்டார். அப்புறம் என்ன மறுபடியும்?

மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்காக, ஆஸ்பத்திரி மாடியில் வாராவாரம் நடக்கிற கூட்டம் அது. நடத்துகிற நர்ஸ் முகம் கோணாமல், முதல் தடவை போலவே பதில் சொன்னார். சில நாள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்று இருக்கிறதாம். லிஃப்ட்காரர் எழுதிக்கொண்டார்.

டீச்சர் ஆறு வருஷமாகத் தன் கணவரைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு நாள்கூட அவரை விட்டு வெளியே தங்கியதில்லை. வெளியூரில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். அதற்குக்கூட வர முடியாது என்று சொல்லிவிட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை. போனை வைத்த பிறகு அழுததை யாரிடமும் சொல்லவில்லை.

லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்த மனிதர் கூட்டத்துக்கு வர ஆரம்பித்து இரண்டு மாதம்தான். கேட்பதெல்லாம் ஒரே தினுசு. பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தூக்கம் கெடாமலிருக்க என்ன வழி? உதவிக்கு ஆள் வைத்தால் தப்பா? எந்தக் கட்டத்தில் காப்பகத்திலேயே சேர்த்துவிடலாம்?

கட்டின மனைவியைக் கைகழுவ நாள் பார்க்கிறார் என்று டீச்சர் முடிவே கட்டிவிட்டார். இந்த லட்சணத்தில் நோட்டு வேறு.

அதற்குமேல் பொறுக்கவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. வந்த நாளா உங்க சௌகரியத்தைப் பத்தியேதான் கேக்கறீங்க. நோயாளி என்ன பாடுபடுவாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லிஃப்ட்காரர் கையமர்த்தினார்.

"நியாயமான கேள்விம்மா. எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. ஒரு லிஃப்டை இன்னொருத்தர்கிட்ட ஒப்படைக்கும்போது, அது எங்க மக்கர் பண்ணும், எப்படிச் சத்தம் போடும், எப்ப நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடணும், எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டுத்தான் போவோம். இல்லேன்னா அடுத்து வர்றவங்க பாடு திண்டாட்டம்."

நோட்டை நீட்டினார். குண்டு குண்டான கையெழுத்து. டீச்சர் படித்தார்.

'காப்பகத்தில் என்னை விட்டுவிட்டுக் கிளம்பும்போது நான் கத்துவேன். நன்றி கெட்டவள் என்றுகூடச் சொல்வேன். நீ பாட்டுக்கு உன் தங்கை வீட்டுக்குப் போய் நாலு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு வா. அன்றைக்குக் கத்துகிறவன் பேச்சைக் கேட்காதே. இன்றைக்கு எழுதுகிறவன் பேச்சைக் கேள்.'

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ஆமாம்மா, நோயாளி நான்தான். டாக்டர் சொல்லி மூணு மாசம் ஆச்சு. என் வீட்டுக்காரி லேசுல என்னை விட்டுட்டு நகர மாட்டா. அதான், புத்தி தெளிவா இருக்கும்போதே அனுமதி எழுதிக் குடுத்துடறேன்." கொஞ்சம் தயங்கினார். "கேட்டதையே மறுபடி கேட்டிருந்தா மன்னிச்சுக்குங்க."

டீச்சர் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். ஆறு வருஷமாக அவர் வீட்டில் யாரும் அவருக்கு எழுதித் தராத பக்கம் அது.

பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நர்ஸிடம் அதே கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டார்.