ஓர் எழுத்து

"யார் போட்டது இதை?" இயக்குநர் கத்தியதில் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது.

ஆராய்ச்சி நிலையத்தின் முகநூல் பக்கத்தைக் கவனிப்பவள் அவர் நீட்டிய கைபேசியைப் பார்த்தாள். 'ஆய்வகத்தில் இயக்குநர் திடீர் ஆய்வு' என்று போடவேண்டிய பதிவில், 'திடீர் ஓய்வு' என்றிருந்தது.

"ஒரு எழுத்து மாறிடுச்சு சார். இப்பவே திருத்திடறேன்."

"கிழிச்சே! பத்து லைக் தாண்டாத பக்கத்துல எழுநூறு லைக்! போனா சரின்னு வாழ்த்துறானுங்க. இன்னியோட உன் சீட்டு கிழிஞ்சுது!"

தொலைபேசி அலறியது. தலைமையகம்.

"நீயே கேளு, உன் லட்சணத்தை." ஸ்பீக்கரில் போட்டார்.

மறுமுனைக் குரல் தயங்கியது. "சார்... உங்க கட்டாய ஓய்வு ஆர்டர் இன்னும் என் மேசையிலதான் இருக்கு. அதுக்குள்ள யார் சார் வெளிய விட்டது?"