வயலட் போய் வந்த நாள்

கண்ணாடி மூடி கழன்றபோது எழுந்த அந்த மெல்லிய கிறீச்சொலி ஒப்பனை மேசைக்கு ரொம்ப நாள் நினைவிருந்தது. விலை உயர்ந்த புது வயலட் செண்ட்டை மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவி, வசுமதி முகர்ந்து பார்த்தாள்.

"வாசனை வந்தது, உடனே போய்விட்டதே! சாயங்காலமும் இப்படியென்றால் தங்கைக்குக் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பினாள்.

மேசையிலிருந்த ரோஜா அத்தர் சிரித்தது. "ஏண்டி, உனக்கு வாயே இல்லையா? நான் படியிறங்கினால் தெருவுக்கே தெரியும்."

"எனக்குக் கத்த வராது, அக்கா" என்றது வயலட் புட்டி. அன்று முழுவதும் அது பயந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் வசுமதி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"என்ன ஆச்சு?" என்று அதன் தோல்வாரிடம் கேட்டது வயலட்.

"நீ போய்ப் போய் வந்தாய். வெயிலில் காணோம். பஸ்ஸில் சாரல் பட்டதும் ஈர இலையும் பவுடருமாய் மணத்துக்கொண்டு திரும்பி வந்தாய். பக்கத்து சீட்டுக் குழந்தை வசுமதியின் மணிக்கட்டில் மூக்கை வைத்தபடி தூங்கிப்போயிற்று. கையை எடுக்க மனமில்லாமல் அவள் இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டாள்."

புட்டி தங்கை வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் வயலட் கடைசிச் சொட்டுவரை தீர்ந்துபோனது.