குழந்தைகள் இல்லாத வார்டு

"காலேஜ் புராஜெக்ட்டுக்காக, அரசாங்கம் வெளியிட்ட பழைய மக்கள்தொகைக் கணக்கைப் புரோகிராம்ல ஓட்டிப் பார்த்தேன்மா. ஒரு வார்டுல பத்து வயசுக்குக் கீழ குழந்தையே இல்ல," என்று மகள் சிரித்தாள்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "எந்த வார்டு?"

"ஏழாவது. கணக்கெடுத்தவங்க ஒரு மாடிகூட ஏறல. வீட்டுல உக்காந்துக்கிட்டு, முந்தின கணக்குல இருந்த எல்லாருக்கும் பத்து வயசைக் கூட்டி எழுதிட்டாங்க."

"விட்டுடேன். பழைய கதைதானே."

"விடறதா? கணக்கெடுப்பு ஆபீசுக்கே மெயில் போட்டுட்டேன். யாருன்னு கண்டுபிடிச்சு நடவடிக்கை எடுக்கறாங்களாம்."

அம்மா சிவப்புப் பேனாவை மூடினாள். "அதைத் திரும்ப வாங்க முடியாதா?"

"முடியாது. ஏன்?"

"மாடி ஏறினா குழந்தை தங்காதுன்னு டாக்டர் சொன்னாரு. ஸ்கூல்ல கெஞ்சினேன். கணக்கெடுப்பு வேலைக்கு லீவே கிடையாதுன்னுட்டாங்க."

"எந்தக் குழந்தைம்மா?"

"நீதான்."